உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கினோம்

2012 ஏப்ரலில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கேளம்பாக்கத்துக்கு முதன்முதலாக வீடு பார்க்கப் போனபோது, பில்டர் அனுப்பிய கார் எங்களைக் கோவளம் சாலையில் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது. இரண்டு பக்கமும் உப்பளம், வாரிக் குவித்த உப்பு வெயிலில் பளபளவென்று இருந்தது. இறங்கி நின்று போட்டோ எடுத்தேன். உப்பு விளைகிற ஊரில் நிலத்தடித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவள். கொல்லையில் அடிபம்பை நாலு தடவை அடித்தால் தண்ணீர் கொட்டுகிற வீட்டில் வளர்ந்ததால், வீடு வாங்கும்போது தண்ணீரை விசாரிக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டுக்குக் குடிவந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் நாலு வருடம் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தேன், லாரிக்காரர்களுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தது முதல் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவோடு நின்றது வரை எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது என் அண்ணன் மகன் ஓஎம்ஆரில், அதாவது எங்கள் ஊர் வழியாகப் போகும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், வீடு தேடுகிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பகுதி எப்படி வளர்ந்தது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. நாங்கள் பெருங்குடியில் வாடகைக்கு இருந்த 2008-ல்கூட நாவலூரைத் தாண்டினால் பல இடங்களில் வெறும் வயல், சவுக்குத் தோப்பு, ஏரிக்கரை. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகத்தைத் திறந்தார்கள், அப்புறம் சிறுசேரியில் சிப்காட்டின் ஐடி வளாகம், நடுவில் சாலையை ஆறு வழி ஆக்கினார்கள். வேலை தெற்கே வந்தது, ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். 2001-க்கும் 2011-க்கும் நடுவில், அப்போது எங்கள் பகுதி சேர்ந்திருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 28.8 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 40 லட்சம் ஆனது. 39 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். அதே பத்து வருடத்தில் மாநிலம் முழுக்கப் பார்த்தால் 15.6 சதவீதம்தான். சென்னை மாவட்டத்தில் இடமே இல்லாததால் அங்கே ஏறவேண்டிய கூட்டமெல்லாம் எங்கள் பக்கம் வந்து இறங்கியது. 2019 நவம்பரில் எங்கள் பக்கத்தைச் செங்கல்பட்டு என்று தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 2021-ல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், இன்றைக்கு இங்கே எத்தனை பேர் இருக்கிறோம் என்பதற்கு அரசிடமே புதிய கணக்கு கிடையாது. குழாய் போடவும் பள்ளிக்கூடம் கட்டவும் எந்த எண்ணை வைத்துத் திட்டம் போடுவார்கள் என்று நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் ஐடி ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். சுனாமியில் வீடு போன மீனவக் குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். நகரத்து ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவ வரும் அக்கா அப்படி வந்தவர்தான், முன்பு பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த வீடு, இப்போது செம்மஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். இந்த அடுக்குமாடிகளைக் கட்டுகிற ஒடிசா, பீகார் ஆட்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், கட்டி முடித்ததும் அடுத்த தகரக் கொட்டகை. இங்கேயே பிறந்த குடும்பங்களின் பிள்ளைகளோ சொந்த ஊரில் ஒரு கிரவுண்டு வாங்க முடியாமல் திருப்போரூரைத் தாண்டிப் போகிறார்கள். வீட்டுத் தேவை என்று பேசும்போது விளம்பரத்தில் வருகிற மூன்று படுக்கையறை வீட்டை மட்டும் வைத்துப் பேசுவது எனக்கு ஒப்புதலாக இல்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் முக்கால்வாசி அதுதான்.

ஓஎம்ஆரில் சென்னை மாநகராட்சி செம்மஞ்சேரியோடு முடிகிறது. 2011-ல் மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டராக விரித்தபோது போட்ட எல்லை அது. அதற்கு அடுத்த நாவலூர், படூர், கேளம்பாக்கம், தையூர் எல்லாம் கிராமப் பஞ்சாயத்துகள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, இந்தப் பக்கமும் பதினைந்து மாடி, அந்தப் பக்கமும் பதினைந்து மாடி. ஆனால் சில நூறு குடும்பங்களுக்கு மேல்நிலைத் தொட்டி வைத்துத் தெருக்குழாய் நடத்திக்கொண்டிருந்த ஒரு பஞ்சாயத்து, ஆயிரக்கணக்கான குடித்தனங்களுக்கு எங்கிருந்து தண்ணீர் கொடுக்கும்? எங்களுக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளைக்குப் பத்து கோடி லிட்டர். 2024-ல் அங்கேயே பதினைந்து கோடி லிட்டரில் இன்னொன்று. பேரூரில் நாற்பது கோடி லிட்டருக்குக் கட்டும் வேலை நடக்கிறது. மூன்றும் நகரத்துக்காகத் திட்டமிட்டவை. நெம்மேலித் தண்ணீர் எங்களைத் தாண்டி வடக்கே போகிறது, நாங்கள் லாரித் தண்ணீர் குடிக்கிறோம். வீடு வாங்கும்போது விற்பனைப் பையன், "நெம்மேலி பக்கத்துல வந்தாச்சு மேடம், இனிமே தண்ணிக்குக் கவலையே இல்ல" என்றான். நாங்களும் நம்பினோம். எந்தத் திட்டத்தைக் காட்டி விற்றாலும், அந்தத் தண்ணீர் எந்த ஊர் வரை வரும் என்று கேளுங்கள், அந்தப் பட்டியலில் உங்கள் பஞ்சாயத்தின் பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள்.

எங்கள் வளாகத்தில் 84 வீடு. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. வீட்டுக்கு நாலு பேர் என்று போட்டால் 45,000 லிட்டருக்கு மேல் வருகிறது, அதாவது 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட நாலு. பில்டர் மூன்று போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டுக் கொடுத்திருந்தார். முதல் வருடம் ஓடின. இரண்டாவது வருடம் ஒன்றில் தண்ணீர் உவர்க்க ஆரம்பித்தது. சோதனைக்குக் கொடுத்தபோது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 2,800 மில்லிகிராம். குடிநீருக்கு 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர அளவு. குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்து, கீசர் இரண்டு வருடத்துக்கு ஒன்று போனது. ஓஎம்ஆருக்கு மேற்கே பல இடங்களில் அடியில் கெட்டிப் பாறை, தண்ணீர் குறைவு. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கோவளம் கழிமுகமும், அதில் இருப்பது உப்புத் தண்ணீர். கடலோர மணலில் மட்டும் மழைத் தண்ணீர் தேங்கி நல்ல ஊற்று உண்டு, ஆனால் ஊரே உறிஞ்சினால் அங்கேயும் கடல் உள்ளே ஏறும்.

சாதாரண நாளில் லாரி 1,200 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்தது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டபோது, அதே லாரிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு 3,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன், அதுவும் டிரைவரிடம் கெஞ்சி. அந்த ஜூன் மாதம் பராமரிப்புக் கட்டணத்தோடு வீட்டுக்கு 3,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டோம். வாடகைக்கு இருந்த ஆறு குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். திருப்போரூர்ப் பக்கம் ஒரு வயல் கிணறு. அந்த நிலத்துக்காரர் பயிர் வைப்பதை விட்டுவிட்டுத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை, அந்தப் பெரியவர் வரப்பில் நின்று எங்கள் லாரியைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். மாதிரி வீட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் பக்கத்தில் ஏற்கெனவே ஐந்து வருடமாகக் குடியிருக்கும் ஒரு வளாகத்துக்குப் போய், அவர்களுடைய சங்கத்துக்காரர் யாரையாவது பிடித்து, மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள், நவம்பரில் எத்தனை வாங்கினீர்கள் என்று கேளுங்கள். யாரும் மறைக்கமாட்டார்கள், இதைச் சொல்ல ஆள் கிடைக்காதா என்று இருப்பவர்கள் நாங்கள். முடிந்தால் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்து வந்து சோதித்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது பாதி, அது எங்கே போகும் என்பது மீதி.

எங்கள் மனையைப் பற்றி உண்மையை முதலில் சொன்னவர் பால் ஊற்ற வரும் அக்கா. குடிவந்த மூன்றாவது மாதம், "உங்க பின்பக்க காம்பவுண்டு இருக்குதே, அது தாங்கலோட போக்குக் கால்வாம்மா. எங்க மாமனார் காலத்துல அங்க மீன் புடிப்பாங்க" என்றார். தாங்கல் என்றால் சின்ன ஏரி. நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. விடியற்காலை எங்கள் வளாகத்தில் வாகன நிறுத்தம் இருந்த தரைத்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீர். சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில், கழிவுநீர் கலந்துவிட்டது. ஜெனரேட்டர் மூழ்கிவிட்டது. நாலு நாள் மாடியிலேயே இருந்தோம். எட்டு மாதக் கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டுக்கு ஊர்க்காரர்கள்தான் டயர் டியூப்பில் மிதந்து பால் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதில் அந்த அக்காவின் மகனும் ஒருவன்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் என்கிற உபரிநீர் வழியாக அடுத்த ஏரி, அங்கிருந்து தாங்கல், கடைசியில் கழுவெளி என்கிற சதுப்போ கால்வாயோ வழியாகக் கடல். தென் சென்னையில் அந்தத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். சரிவு மேற்கிலிருந்து கிழக்கே. ஓஎம்ஆர் ஓடுவது வடக்கு தெற்காக, அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு கரை மாதிரி. சாலைக்கு அடியில் விட்ட சின்னப் பாலங்கள் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். அதுவும் போய்ச் சேரும்போது கடல் பொங்கியிருந்தால் வாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதுதான் நடந்தது, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. சதுப்பு நிலத்தில் பெரும் பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைக் கிடங்காகவும் ஆன பிறகு, மிச்சம் இருப்பதற்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரம், கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

எங்கள் மனைப் பத்திரத்தில் தப்பு எதுவும் இல்லை, அது பட்டா நிலம்தான், டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் உண்டு. ஆனால் சுற்றி இருந்த சர்வே எண்களை நாங்கள் பார்க்கவில்லை. இப்போது இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அரசின் நிலப்பதிவேடு இணையதளத்தில் பட்டா, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் எல்லாம் இருக்கிறது. உங்கள் சர்வே எண்ணுக்கு அக்கம்பக்கத்து எண்களையும் அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். ஏரி, தாங்கல், ஓடை, கால்வாய், மேய்க்கால் என்று எது வந்தாலும் நேரில் போய் அது இன்னும் இருக்கிறதா, மூடிவிட்டார்களா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வசதி உண்டு, 2005 வாக்கில் உங்கள் மனை என்ன நிறத்தில் இருந்தது என்பது அதில் தெரியும். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல், மடுவு, ஏரிக்கரை, ஓடை என்று பெயர் வைத்தவர்கள் அங்கே தண்ணீரைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

காகித விஷயங்களில் நாங்கள் ஏமாந்த இடம் யூடிஎஸ், அதாவது மொத்த நிலத்தில் நம் வீட்டுக்கு வரும் பிரிபடாத பாகம். விளம்பரத் தாளில் எங்கள் வீட்டுக்குப் பிரிபடாத பாகம் 520 சதுர அடி என்று இருந்தது. பத்திரத்தில் 455 தான். நடுவில் ஒரு மாடியை ஏற்றிவிட்டார்கள், அந்த வீடுகளுக்கான பங்கு எங்கள் எல்லாரிடமிருந்தும் போயிற்று. பதிவு அன்றைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு அவசரம், நாங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். வரைவுப் பத்திரத்தை ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி, பில்டர் காட்டுகிற வக்கீலிடம் அல்லாமல், நீங்களே பார்த்து வைத்த வக்கீலிடம் கொடுங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள், வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது வருடத்துக்குப் போடுங்கள்.

நாங்கள் வாங்கிய காலத்தில், வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்கும் ரெரா சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது, 2016-ல் வந்த சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017-ல் விதிகள் போட்டது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ பதிவு செய்தாக வேண்டும். வாங்குகிறவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பதிவு எண் இருக்கிறது என்பதோடு நிற்காமல், அந்தப் பக்கத்தைத் திறந்து அனுமதி வரைபடத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு என்று எண்ணுங்கள். கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்று வாங்கினார்களா என்பதையும் கேளுங்கள்.

காலி மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தையூருக்கு அந்தப் பக்கம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனையை வாங்கினார். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும் விற்கவும் முடியாமல், வீடு கட்டக் கடன் வாங்கவும் முடியாமல் தவித்தார். பிறகு அரசு 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த வழி செய்தது, கட்டணம் கட்டி, அலைந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் அவருக்கு முடிந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது.

கழிவுநீரைப் பற்றி வீடு வாங்கும்போது யாரும் பேசுவதில்லை. பாதாளச் சாக்கடை கிடையாது, ஒவ்வொரு வளாகமும் தன் சுத்திகரிப்பு நிலையத்தை, நாங்கள் எஸ்டிபி என்போம், தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். எங்களுடையதை 84 வீட்டுக்குத் தேவையான அளவில் பாதிதான் கட்டியிருந்தார்கள். அதைப் பெரிதாக்க வீட்டுக்கு 22,000 ரூபாய் ஆனது. அது பழுதான நாட்களில் கழிவுநீர் லாரி கூப்பிட வேண்டும், அந்த லாரி அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறது என்று கேட்டால் டிரைவர்கள் பதில் சொல்வதில்லை. எங்கள் சங்கம் இப்போது கொட்டும் இடத்துக்கு ரசீது காட்டுகிற வண்டியைத்தான் கூப்பிடுகிறது, கொஞ்சம் விலை கூடத்தான். மழைநீர்க் குழிகளை எல்லாம் தூர்வாரி, மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் நேரே சம்ப்புக்கு வடிகட்டி விட்டோம். அதற்கு அப்புறம் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை லாரி அநேகமாக வாங்குவதில்லை. இதை 2014-லேயே செய்திருந்தால் லட்சக்கணக்கில் மிச்சம்.

வாடகைக்கு வருகிறவர்கள் பெரிய பாரம் தூக்காமல் ஒரு வருடம் இருந்து பார்க்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் 2022-ல் கம்பெனிகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டதிலிருந்து வாடகை விறுவிறுவென்று ஏறிவிட்டது, எங்கள் வளாகத்திலேயே 14,000 இருந்த இரண்டு படுக்கையறை வீடு 24,000-க்குப் போகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது, அதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். தண்ணீர்க் கட்டணம் வாடகையில் சேர்த்தியா தனியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணன் மகன் போன நவம்பரில் தாழம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னான். இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வருகிறேன் இரு என்று சொல்லி, பால் ஊற்றும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மாதிரி வீட்டுக்குள் வரவே இல்லை. வெளியில் நின்று செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காவலாளியிடம் போய், "தம்பி, போன மழைக்கு எது வரைக்கும் நின்னுச்சு?" என்றார். காவலாளி சுவரில் தன் முழங்காலுக்கு மேலே கை வைத்துக் காட்டினார், புதுப் பெயிண்டுக்கு அடியில் கோடு லேசாகத் தெரிந்தது. "இந்தச் சம்புப் புல்லு இங்கதான் முளைக்கும்மா, எப்பவும் ஈரம் இருக்கிற எடம்" என்று அக்கா என்னிடம் சொன்னார். பையன் இப்போதைக்கு மேடவாக்கத்தில் இருக்கும் வாடகை வீட்டையே இன்னும் பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொண்டான். அடுத்த மே மாதம் இன்னொரு இடம் பார்க்கப் போகிறோம், டிடிஎஸ் மீட்டர் என் கைப்பையில் இருக்கிறது.